ஏர்கோன் நின்றுபோனால்: பெக்கான் நானாஸ் வீடுகளில் மின்பழுது தேடும் முறை

வீட்டுக் குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை வாரி வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கடத்தும் இந்த வகை இயந்திரத்துக்கு வெப்ப இறைப்பி என்று பெயர். கனடாவிலும் நார்வேயிலும் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதும் இதே இயந்திரம்தான். அங்கே நான்கு வழி வால்வு ஒன்று கூடுதலாக இருந்து, குளிர்வாயு ஓடும் திசையைத் திருப்பிவிடும். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் இருக்கும் பெக்கான் நானாஸில் வீட்டைச் சூடாக்கும் தேவை எந்த மாதத்திலும் வருவதில்லை. அதனால் ஜொகூர் வீடுகளின் சுவரில் தொங்கும் ஏர்கோன்களில் பெரும்பாலானவை ஒரே திசையில் மட்டும் வேலை செய்பவை. மின்பழுது என்று வந்துவிட்டால் இரண்டுக்கும் தேடும் முறை ஏறக்குறைய ஒன்றே.

ஒரு எச்பி ஏர்கோன் மணிக்குச் சுமார் 9,000 பிடியு வெப்பத்தை வெளியேற்றும். இன்வெர்ட்டர் இல்லாத பழைய வகை இயந்திரம் அதற்கு ஏறக்குறைய 800 வாட் மின்சாரத்தை, அதாவது 4 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவான மின்னோட்டத்தை எடுத்துக்கொள்ளும். ஆனால் காம்ப்ரசர் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் அந்த ஒரு கணத்தில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு, 20 ஆம்பியருக்கு மேல், இழுக்கும். தளர்ந்த திருகு, மெலிந்த ஒயர், வலுவிழந்த கெப்பாசிட்டர் ஆகியவற்றின் குறை வெளிப்படுவது அந்தக் கணத்தில்தான். மின்விசிறியும் விளக்கும் ஒழுங்காக இயங்குகிற வீட்டில் ஏர்கோன் மட்டும் தகராறு செய்வதற்கு இது முக்கியக் காரணம்.

பொந்தியான் மாவட்டத்தில் இருக்கும் பெக்கான் நானாஸ், பெயருக்கேற்ப அன்னாசி ஊர். அன்னாசி அருங்காட்சியகமும் அங்கே உண்டு. அன்னாசிக்கு ஏற்ற நிலமாக அந்த வட்டாரத்தில் பரந்து கிடப்பது கம்புட் மண். பல்லாயிரம் ஆண்டுகளாக மரமும் இலையும் தண்ணீருக்குள் முழுதும் மட்காமல் தங்கி உண்டான கறுத்த சதுப்பு மண் அது. இந்த மண்ணில் அமிலம் மிகுதி. வடிகால் வெட்டிய இடங்களில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அமிழவும் செய்யும். தரையில் வைத்த வெளி யூனிட் காலப்போக்கில் ஒரு பக்கம் சாயும். செம்புக் குழாயும் மின்கம்பியும் இழுபட்டு, டெர்மினலில் இருக்கும் ஒயரின் பிடி தளரும். மேலே பார்த்தால் இடி. தீபகற்ப மலேசியா உலகில் மின்னல் மிகுந்த நிலப்பகுதிகளில் ஒன்று. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடிமழை வழக்கமானது. மலாக்கா நீரிணையைக் கடந்து விடியற்காலையில் வந்து மோதும் சுமாத்திரா சூறைமழை வேறு இருக்கிறது. மண்ணின் அமிலம், காற்றின் ஈரம், வானத்து மின்னல் ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டே இந்த ஊர் வீடுகளில் பழுது தேட வேண்டும்.

தேடும் வரிசை எளிது. மின்சாரம் வரும் வழியே போக வேண்டும்: தெருவிலிருந்து மீட்டர், மீட்டரிலிருந்து டிபி பாக்ஸ் எனப்படும் மின்பகிர்வுப் பெட்டி, அங்கிருந்து ஐசோலேட்டர், பிறகு உள் யூனிட், வெளி யூனிட், கடைசியில்தான் காம்ப்ரசர். நடைமுறையில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். குளிர் வரவில்லை என்றதும் கேஸ் (குளிர்வாயு) போடுவதும், கேஸ் போட்டும் சரியாகவில்லை என்றால் போர்டை மாற்றுவதும், அதன் பிறகு காம்ப்ரசர் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்வதும் குடும்பங்களுக்குப் பெரும் செலவை இழுத்துவிடுகின்றன. பழுது பல சமயம் சில ரிங்கிட் பெறுமானமுள்ள ஓர் உதிரியில், அல்லது இறுக்கப்படாத ஒரு திருகில் இருக்கும்.

வீட்டுக்காரர் தாமே செய்யக்கூடியது எதுவரை என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பார்க்கலாம், கேட்கலாம், முகர்ந்து பார்க்கலாம், ரிமோட்டின் பேட்டரியை மாற்றலாம், வடிகட்டியைக் கழுவலாம், விழுந்த சுவிட்சை ஒருமுறை மட்டும் ஏற்றிப் பார்க்கலாம், திரையில் தோன்றும் எண்ணைக் குறித்துவைக்கலாம். மூடியைக் கழற்றி ஒயரைத் தொடும் வேலை, எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற ஒயர்மேனுக்கும் பயிற்சிபெற்ற ஏர்கோன் மெக்கானிக்குக்கும் உரியது. வீட்டு ஒயரிங்கில் பதிவு இல்லாதவர் கைவைப்பதை 1990ஆம் ஆண்டின் மின்விநியோகச் சட்டமும் 1994ஆம் ஆண்டின் மின்சார ஒழுங்குமுறைகளும் அனுமதிப்பதில்லை. கீழே வரும் அளவீடுகள் மெக்கானிக் என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று வீட்டுக்காரர் புரிந்துகொள்வதற்காகச் சொல்லப்படுபவை.

முதலில் மின்சாரம்

மலேசிய வீடுகளுக்கு வரும் ஒருமுனை மின்சாரத்தின் நிர்ணய அளவு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பத்து விழுக்காடு கூடலாம், ஆறு விழுக்காடு குறையலாம். அதாவது 216இலிருந்து 253 வோல்ட் வரை இருந்தால் விநியோகத்தில் குறை சொல்ல முடியாது. ஏர்கோன் ஓடாதபோது 235 காட்டும் மீட்டர், காம்ப்ரசர் புறப்படும் நொடியில் 200க்குக் கீழே சரிந்தால் வழியில் எங்கோ தடை இருக்கிறது என்று பொருள். அளக்க வேண்டியது அந்த நொடியில்தான். சும்மா இருக்கும் நேரத்தில் எடுத்த அளவு ஒன்றும் சொல்லாது.

டெஸ்ட் பென் எரிந்தாலே மின்சாரம் இருக்கிறது என்று நம்புவது பரவலான பிழை. டெஸ்ட் பென் லைவ் ஒயரில் மின்னழுத்தம் இருப்பதை மட்டுமே காட்டும். நியூட்ரல் அறுந்திருப்பதைக் காட்டாது. மல்டிமீட்டரில் மூன்று அளவும் எடுக்க வேண்டும். லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230, லைவுக்கும் எர்த்துக்கும் இடையே 230, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சுழிக்கு அருகில் என்றால் சரி. லைவுக்கும் எர்த்துக்கும் 230 இருந்து, லைவுக்கும் நியூட்ரலுக்கும் ஒன்றும் இல்லை என்றால் நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது.

வீட்டில் சில விளக்குகள் மங்கியும் சில கண்கூசும்படியும் எரிந்தால் அதை ஏர்கோன் பழுதாக எண்ணக் கூடாது. மும்முனை விநியோகத்தில் நியூட்ரல் அறுந்தால் சில இணைப்புகளில் அழுத்தம் 230ஐத் தாண்டி 400ஐ நோக்கி ஏறும். போர்டுகள் வரிசையாகப் புகையும். உடனே மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, மின்விநியோக நிறுவனமான தெனாகா நேஷனலின் 15454 எண்ணை அழைப்பதே செய்ய வேண்டியது.

விழுந்தது எந்த சுவிட்ச்?

டிபி பாக்ஸைத் திறந்தவுடன் கவனிக்க வேண்டியது, இறங்கியிருப்பது எம்சிபியா ஆர்சிசிபியா என்பது. இரண்டும் இரண்டு விதமான பழுதைச் சொல்கின்றன. எம்சிபி அளவுக்கு மீறிய மின்னோட்டத்துக்கு விழும். ஏற்றியவுடன் படாரென்று விழுந்தால் எங்கோ லைவும் நியூட்ரலும் ஒட்டியிருக்கின்றன. கால் மணி, அரை மணி நேரம் ஓடிய பிறகு விழுந்தால் மோட்டார் திணறுகிறது, அல்லது எம்சிபியின் திருகே தளர்ந்து சூடாகிறது. எம்சிபி விழுகிறது என்பதற்காக 16க்குப் பதில் 32 ஆம்பியர் எம்சிபி போடுவது, சுவருக்குள் இருக்கும் ஒயரைத் தீக்குச்சியாக்கும் செயல். அந்த எம்சிபி காப்பது ஒயரை. ஒயர் பழைய அளவிலேயே இருக்கும்போது எம்சிபியைப் பெரிதாக்கினால் காப்பு போய்விடும்.

ஆர்சிசிபி வேறு. லைவில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லாவிட்டால், அதாவது ஒரு பங்கு எர்த் வழியாகவோ மனித உடல் வழியாகவோ கசிந்தால், அது விழும். மலேசிய ஒழுங்குமுறைப்படி கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகளுக்கு 30, ஈரமான இடங்களுக்கு 10, மற்றவற்றுக்கு 100 மில்லி ஆம்பியர் என்பது உச்சவரம்பு. எண் 100 என்றிருந்தாலும் 50க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் அது விழலாம். அப்படித்தான் அதன் தரநிர்ணயம். இன்வெர்ட்டர் ஏர்கோன் ஒவ்வொன்றும் தன் வடிகட்டிச் சுற்று வழியாக இயல்பாகவே சிறிதளவு எர்த்துக்குக் கசியவிடும். நான்கு அறையிலும் இன்வெர்ட்டர் மாட்டி, வீடு முழுவதையும் ஒரே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியில் இணைத்தால், பழுதே இல்லாமலும் அது அடிக்கடி விழக்கூடும்.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க, எல்லா எம்சிபியையும் இறக்கி, ஆர்சிசிபியை ஏற்றி, பிறகு எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுவது வழக்கம். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்தச் சுற்றில் பழுது. இந்த முறை ஓர் இடத்தில் ஏமாற்றும். வீட்டு எம்சிபி பெரும்பாலும் லைவை மட்டுமே துண்டிக்கிறது. நியூட்ரல் இணைப்பிலேயே இருக்கும். ஒரு சுற்றின் நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்தச் சுற்றின் எம்சிபியை இறக்கிவைத்தாலும், வீட்டில் வேறு எதையாவது போடும்போது ஆர்சிசிபி விழும். குளிர்பெட்டியைப் போட்டால் விழுகிறது என்று குளிர்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவார்கள். குற்றவாளி மழையில் நனைந்த ஏர்கோன் ஐசோலேட்டராக இருக்கும். நியூட்ரல் பாரிலிருந்து ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தால்தான் இது பிடிபடும். அது ஒயர்மேன் வேலை.

எப்போது விழுகிறது என்பதும் பெரிய தடயம். மழை பெய்தால் விழுகிறது, வெயில் காய்ந்ததும் சரியாகிறது என்றால் வெளியே இருக்கும் ஐசோலேட்டரிலோ ஒயர் மூட்டிலோ தண்ணீர் இறங்குகிறது. காம்ப்ரசர் புறப்படும்போது மட்டும் விழுகிறது என்றால் காம்ப்ரசரின் சுருள் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். மெக்கானிக் வருவதற்கு முன் வீட்டுக்காரர் குறித்துவைக்கத் தக்க செய்திகளில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை.

எர்த் கம்பி

மலேசிய வீடுகளுக்கான எர்த்தை வீட்டுக்காரரே தம் நிலத்தில் கம்பி இறக்கி அமைத்துக்கொள்ள வேண்டும். செம்பு பூசிய எஃகுக் கம்பி மண்ணுக்குள் இறங்கி, பித்தளைப் பிடியால் பச்சை மஞ்சள் ஒயரோடு இணைந்து, ஒரு சின்னக் குழிக்குள் மூடியிருக்கும். கம்புட் மண்ணில் தண்ணீர் மிகுதி என்பதால் தொடக்கத்தில் எர்த் நன்றாகவே இருக்கும். ஆனால் ஈரமும் அமிலமும் கூடிய மண்ணில் பூச்சு உரிந்த இடத்தில் எஃகு துருப்பிடிக்கும். பிடியில் பச்சைக் களிம்பு பிடிக்கும். நீண்ட வறட்சியில் நிலத்தடி நீர் இறங்கும்போது தடை ஏறும். குழி மூடியைத் திறந்தால் சில வீடுகளில் பிடி மட்டும் இருக்கும். ஒயர் கழன்று பக்கத்தில் கிடக்கும்.

இது ஏர்கோனை நிறுத்தாது. அதனால்தான் ஆபத்து. எர்த் அறுந்த வீட்டில் காம்ப்ரசர் கசிந்தால் ஆர்சிசிபிக்கு அது தெரியாது. வெளி யூனிட்டின் இரும்பு உடல் மின்னழுத்தத்தோடு காத்திருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று அதைத் தொடுபவர் வழியாகத்தான் முதன்முதலாக மின்சாரம் பாயும். ஏர்கோன் சர்வீஸுக்கு வருபவர் எர்த் தடையை அளப்பது அரிது. வீட்டுக்காரர் கேட்க வேண்டும். பத்து ஓமுக்கு மேல் போகாமல் வைத்திருப்பது நல்ல வழக்கம். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துவதும் தேவை. ஆனால் அந்தப் பட்டன் சுவிட்சை மட்டுமே சோதிக்கிறது. எர்த் நன்றாக இருக்கிறதா என்று அது சொல்லாது.

ஐசோலேட்டரும் திருகுகளும்

வெளி யூனிட்டுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கும் ஐசோலேட்டர் வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது. அதன் மூடியைக் கழற்றினால் பழுதின் வரலாறு கண்ணில் படும்: டெர்மினலை ஒட்டிய ஒயரின் உறை பழுப்பேறி, அதற்கு அப்பால் கறுத்து, செம்பு இழைகள் பளபளப்பு இழந்து ஊதா நிறமாகியிருக்கும், பிளாஸ்டிக் உருகி ஒரு பக்கம் வளைந்திருக்கும், எரிந்த மீன் போன்ற நெடி அடிக்கும். மூட்டின் தடை அரை ஓம் என்று வைத்துக்கொண்டால், 5 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 12.5 வாட் வெப்பம் பிறக்கும். காம்ப்ரசர் 25 ஆம்பியர் இழுக்கும் நொடியில் அதே புள்ளியில் 312 வாட். கூடவே 12.5 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். சூடாகிக் குளிர்ந்து சூடாகி, திருகு இன்னும் தளரும். தடை இன்னும் ஏறும். இதற்கு வைத்தியம் கறுத்த பகுதியை வெட்டிவிட்டு, புதிய ஐசோலேட்டரில் ஒயரைச் சரியாக இறுக்குவதே. கறுத்த செம்பை அப்படியே மீண்டும் திருகினால் சில மாதங்களில் அதே இடம் எரியும்.

எறும்பையும் மறக்கக் கூடாது. வெப்பமண்டலத்தில் ரிலேக்களிலும் கான்டாக்டர்களிலும் எறும்பு புகுவது சாதாரணம். இரண்டு தொடுமுனைகளுக்கு நடுவே நசுங்கிய எறும்புகளின் கரி படிந்து, சுவிட்ச் மூடியும் மின்சாரம் போகாத நிலை வரும். பல்லியின் வேலை இன்னும் முழுமையானது: வெதுவெதுப்புக்காக போர்டின்மேல் ஏறி, இரண்டு உயர் அழுத்தப் புள்ளிகளை ஒரே சமயத்தில் தொட்டு, தானும் செத்து போர்டையும் கொன்றுவிடும். போர்டு மாற்றும்போது பல்லி நுழைந்த ஒயர் துளையை அடைக்காமல் விட்டால், புது போர்டுக்கும் அதே கதி.

காம்ப்ரசர் முனகுகிறது, சுழலவில்லை

உள்ளே காற்று வருகிறது, குளிர் இல்லை. வெளியே விசிறி சுற்றுகிறது, காம்ப்ரசர் ஓரிரு நொடி முனகிவிட்டு டக்கென்று நிற்கிறது. சில நிமிடம் கழித்து மறுபடி முனகுகிறது. பழைய வகை ஏர்கோனில் இந்த அறிகுறி வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ரன் கெப்பாசிட்டரை. உருளை வடிவில் இருக்கும் அந்த உதிரி, காம்ப்ரசரின் இரண்டாவது சுருளுக்குச் சற்று முன்தள்ளிய மின்னோட்டத்தைக் கொடுத்து, எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்று மோட்டாருக்கு உந்துதல் தருகிறது. வெயிலில் காயும் தகரப் பெட்டிக்குள் அது வேகிறது. வெப்பம் பத்து பாகை ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது மின்துறையினர் கொள்ளும் தோராய விதி.

தலை உப்பியிருந்தால் அளக்கத் தேவையில்லை. உப்பாமலும் கெட்டிருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்து, கெப்பாசிட்டரில் தேங்கிய மின்னூட்டத்தை ஒரு தடைப்பான் வழியாக இறக்கிய பிறகே தொட வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் இரண்டு முனையையும் தட்டித் தீப்பொறி கிளப்புவது உதிரியையும் கண்ணையும் கெடுக்கும். ஒயரைக் கழற்றி அளந்தால், 30 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டது ஐந்து விழுக்காடு கூடக்குறைய, 28.5 முதல் 31.5 வரை காட்ட வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்திலும் இதைக் கணக்கிடலாம். கெப்பாசிட்டர் வழியாகப் போகும் ஆம்பியரை 3183ஆல் பெருக்கி, அதன் இரு முனைக்கும் இடையிலுள்ள வோல்ட்டால் வகுத்தால், 50 ஹெர்ட்ஸில் மைக்ரோஃபாரட் வந்துவிடும். 3 ஆம்பியர், 380 வோல்ட் என்றால் 25. முப்பது இருக்க வேண்டிய இடத்தில் 25 இருந்தால், இன்று ஓடுகிறது என்பதற்காக விட்டுவைக்கக் கூடாது. காம்ப்ரசர் ஒவ்வொரு முறை புறப்படும்போதும் திணறிச் சூடேறிக்கொண்டிருக்கிறது.

கெப்பாசிட்டர் நன்றாக இருந்தால் அடுத்து சுருள்கள். காம்ப்ரசரின் மூன்று முனைகள் காமன், ரன், ஸ்டார்ட். காமனிலிருந்து ரன்னுக்கு 3 ஓம், காமனிலிருந்து ஸ்டார்ட்டுக்கு 5 ஓம் என்றால் ரன்னிலிருந்து ஸ்டார்ட்டுக்கு 8 காட்ட வேண்டும். சிறிய இரண்டின் கூட்டுத்தொகை பெரியதற்குச் சமம். இங்கேதான் நல்ல காம்ப்ரசர்கள் அநியாயமாகக் குப்பைக்குப் போகின்றன. ரன்னுக்கும் ஸ்டார்ட்டுக்கும் இடையே 8 ஓம் இருந்து, காமனிலிருந்து இரண்டுக்கும் இணைப்பே இல்லை என்று மீட்டர் காட்டினால், சுருள் அறுந்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுவார்கள். பல காம்ப்ரசர்களின் உள்ளே காமன் பாதையில் ஒரு வெப்பக் காப்புச் சுவிட்ச் இருக்கிறது. சூடேறினால் அது திறந்துகொள்ளும். கனத்த எஃகுக் கூடு ஆறுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். கைவைத்துப் பார்க்க முடியாத சூட்டில் எடுத்த அளவை நம்பாமல், நன்றாக ஆறிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். இணைப்பு திரும்பி வந்தால் காம்ப்ரசர் நல்லது. ஏன் சூடேறியது என்பதே கேள்வி: வெளிச்சுருளில் தூசி அடைத்திருக்கிறதா, வெளி விசிறி நின்றிருக்கிறதா, கேஸ் குறைந்திருக்கிறதா?

சுருளுக்கும் உடலுக்கும் இடையே காப்பு எப்படி என்பதை 500 வோல்ட் மெகரால் அளக்கிறார்கள். ஒரு மெகாஓமுக்குக் கீழே போனால் கவலைதான். நாள்கணக்கில் ஓடாமல் கிடந்த காம்ப்ரசருக்குள் குளிர்வாயு திரவமாகித் தேங்கி, காப்பைக் குறைத்துக் காட்டுவதும் உண்டு. அதனால் ஒரே அளவீட்டை வைத்துக் காம்ப்ரசருக்குத் தீர்ப்பெழுதக் கூடாது. போர்டை இணைத்துவைத்துக்கொண்டு மெகர் போடுவது போர்டைக் கொல்லும்.

இன்வெர்ட்டர் வகை

இன்வெர்ட்டர் ஏர்கோனில் ரன் கெப்பாசிட்டர் கிடையாது. வரும் 230 வோல்ட் மாறுமின்சாரம் முதலில் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரமாக்கப்படுகிறது. அதை ஒரு பவர் மாட்யூல் துண்டு துண்டாக வெட்டி, காம்ப்ரசருக்கு வேண்டிய வேகத்தில் மும்முனை மின்சாரமாகக் கொடுக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அந்த 325 வோல்ட் பெரிய கெப்பாசிட்டர்களில் தங்கியிருக்கும். பத்து நிமிடம் காத்திருந்து, 50 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதை மீட்டரில் பார்த்த பிறகே கைவைக்க வேண்டும்.

இந்த வகை தன் நோயைத் தானே சொல்லும். உள் யூனிட்டின் விளக்கு சிமிட்டும், அல்லது ரிமோட்டில் குறியெண் வரும். டைக்கினில் யு4, பானசோனிக்கில் எச்11 ஆகிய இரண்டும் ஒரே செய்தியைச் சொல்கின்றன: உள் யூனிட்டும் வெளி யூனிட்டும் பேசிக்கொள்ளவில்லை. குறியெண் ஒரு முகவரியின் தெருவைச் சொல்கிறதே தவிர வீட்டு எண்ணைச் சொல்வதில்லை. யு4 வந்தவுடன் போர்டை வரவழைக்கும் அவசரம் வேண்டாம். முதலில் இரண்டு யூனிட்டுக்கும் இடையே ஓடும் ஒயர். அதில் மூன்றாவதாக ஒரு சிக்னல் ஒயர் இருக்கிறது. நீளம் போதாமல் நடுவில் முறுக்கி டேப் சுற்றிய மூட்டு ஒன்று இருந்தால் பழுது பெரும்பாலும் அங்கேதான். லைவும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலும் சில மாடல்களில் இதே குறியெண் வரும். பிறகு வெளி யூனிட்டுக்கு 230 போகிறதா, 325 பிறக்கிறதா, போர்டில் விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் வந்தும் போர்டு விழிக்கவில்லை என்றால், வெளி விசிறி மோட்டாரின் இணைப்பைக் கழற்றிவிட்டு மறுபடி மின்சாரம் கொடுப்பார்கள். கெட்ட விசிறி மோட்டார் போர்டின் சிறு மின்னழுத்தத்தை இழுத்துச் சாய்த்துவிடுவது உண்டு. இதைப் பார்க்காமல் புது போர்டு போட்டால், அதையும் அந்த மோட்டார் எரித்துவிடக்கூடும்.

பவர் மாட்யூலை மல்டிமீட்டரின் டையோடு நிலையில் சோதிக்கலாம். மூன்று முனையும் ஏறக்குறைய அரை வோல்ட்டாக, ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் சுழியாக இருந்தால் மாட்யூல் போய்விட்டது. இன்வெர்ட்டர் காம்ப்ரசரின் மூன்று சுருள்களும் ஒரே தடையைக் காட்ட வேண்டும். வேறுபட்டால்தான் காம்ப்ரசரைக் குறை சொல்லலாம்.

வெப்ப உணரி சின்னதாக இருந்தாலும் பெரிய குழப்பம் செய்யும். பல மாடல்களில் அது 25 பாகையில் 10 கிலோஓம் காட்டும். பனிக்கட்டி நீரில் முக்கினால் 30ஐ ஒட்டி ஏறும். கெட்ட உணரி, அறை ஏற்கெனவே குளிர்ந்துவிட்டது என்று பொய் சொல்லி காம்ப்ரசரை நிறுத்திவைக்கும். மெக்கானிக் கேஸ் போட்டுப் போட்டுப் பார்ப்பது இந்தப் பழுதிலும் நடக்கிறது.

இடி விழுந்த மறுநாள்

மின்னல் நேராக வீட்டின்மேல் விழ வேண்டியதில்லை. தெருக் கம்பியில் எங்கோ விழுந்தாலும் அந்த அதிர்வு மின்சாரத்தோடு வந்து போர்டின் வாசலைத் தட்டும். அங்கே கண்ணாடி ஃபியூஸும், அதையொட்டி நாணயம்போல் வட்டமான வேரிஸ்டரும் காவல் நிற்கின்றன. உயர் அழுத்தம் வந்தால் வேரிஸ்டர் தன்னைக் குறுக்கே கொடுத்து ஃபியூஸை எரித்துவிடும். இடிமழைக்குப் பிறகு ஏர்கோன் முற்றாகச் செத்திருந்தால், போர்டு முழுவதும் போய்விட்டது என்று முடிவெடுக்கும் முன் இந்த இரண்டையும் பார்க்க வேண்டும். வேரிஸ்டர் வெடித்து, சுற்றிலும் கரி படிந்திருந்தால் இரண்டையும் அதே அளவில் மாற்றினால் பல போர்டுகள் பிழைத்துவிடும். ஃபியூஸுக்குப் பதில் ஒயரை முறுக்கிவைப்பதும், வேரிஸ்டரைக் கழற்றிவிட்டு ஓடவிடுவதும் அடுத்த இடியில் போர்டை முழுதாகப் பலிகொடுக்கும் வேலைகள். டிபி பாக்ஸில் சர்ஜ் புரொடெக்டர் பொருத்தினால் அதிர்வின் பெரும்பங்கை வாசலிலேயே எர்த்துக்குள் இறக்கிவிடலாம். எர்த் கெட்டிருந்தால் அதுவும் பயன்படாது. கறுப்பு மேகம் திரளும்போது ஐசோலேட்டரை இறக்கிவிடுவது செலவில்லாத காப்பு.

இடமாற்றமாகிக் குளிர் நாட்டுக்குப் போனவர்களின் வீட்டில் இவற்றோடு பழுது தேட வேண்டிய மூன்று இடங்கள் சேரும். நான்கு வழி வால்வின் மின்சுருள் அறுந்தால் இயந்திரம் ஒரே திசையில் மாட்டிக்கொள்ளும். சூடு கேட்டால் குளிர் வரும். வெளிச்சுருளில் உறையும் பனியைக் கரைக்கும் கட்டுப்பாடு கெட்டால் யூனிட் பனிக்கட்டிக்குள் புதையும். காம்ப்ரசரின் அடியில் சுற்றிய சூடேற்றி எர்த்தானால், பழுதில்லாத காம்ப்ரசர்மேல் பழி விழும்.

பழுது பார்த்து முடித்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இயந்திரத்தைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, கிளாம்ப் மீட்டரால் மின்னோட்டத்தை அளந்து, வெளி யூனிட்டின் தகட்டில் அச்சிட்ட எண்ணோடு ஒப்பிட வேண்டும். தகட்டில் 3.8 என்றிருந்து மீட்டர் 3.6 காட்டினால் நிம்மதி. 4.6 காட்டினால் தூசியோ, அளவு மீறிய கேஸோ, தேய்ந்த காம்ப்ரசரோ மிச்சம் இருக்கிறது. இரண்டே ஆம்பியர் என்றால் கேஸ் குறைந்திருக்கலாம். ஆர்32 என்ற குளிர்வாயு ஓரளவு தீப்பற்றக்கூடியது என்பதால், கசிவைத் தேடும்போது தீப்பொறி எழும் இணைப்புகள் எல்லாம் மூடியிருக்க வேண்டும். ஆம்பியரையும் வோல்ட்டையும் தேதியோடு வெளி யூனிட்டின் மூடியின் உட்புறத்தில் எழுதிவைத்தால், அடுத்து வரும் மெக்கானிக் அந்த அளவிலிருந்து தொடங்கலாம்.